மாமரத்துல ஒரு தோணி

போன தடவை வேர்க்கடலைக்கு ஜிப்சம் போடுறத பத்தி எழுதினேன். இந்தத் தடவை விவசாயம் இல்ல. எங்க களத்து மேட்டுல புங்கமரத்துக்கு அடியில ஒரு படகு கிடக்கு, அதோட கதை.

சென்னையில இருந்து வர்ற சொந்தக்காரங்க காரை விட்டு இறங்கினதும் முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. "மாமா, இங்க இருந்து கடல் எவ்வளவு தூரம்? இதை வச்சு என்ன பண்றீங்க?" அப்படின்னு கேட்பாங்க. கேள்வி நியாயமானதுதான். கும்மிடிப்பூண்டின்னா உங்களுக்கு சிப்காட், இரும்பு உருக்குற ஆலை, கல்கத்தா ரோட்டுல நிக்கிற லாரிதான் ஞாபகம் வரும். அந்தப் பக்கம் ஒரு விவசாயி வீட்டு வாசல்ல படகு கிடந்தா வேடிக்கையாத்தான் இருக்கும்.

ஆனா எங்க ஊரோட கிடப்பை கொஞ்சம் பாருங்க. தெற்கே ஆரணியாறு. அது பொன்னேரி தாண்டி பழவேற்காடு ஏரியில போய் விழுது. கிழக்கே அந்த ஏரி. ஒரிசாவுல இருக்குற சில்கா ஏரிக்கு அடுத்தபடியா இந்தியாவுலயே ரெண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி அதுதான். மேற்கே இருந்து வர்ற தண்ணி எல்லாம் எங்க நிலத்து மேலதான் நடந்து போகணும். ஐப்பசி கார்த்திகையில ஆந்திரா பக்கம் பிச்சாட்டூர் அணை திறந்தா எங்களுக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. இப்படி மூணு பக்கம் தண்ணியை வச்சிருக்குற ஊருல ஒரு படகு கூட இல்லாமப் போனது எப்படி? வேடிக்கையா கேட்கணும்னா இதைத்தான் கேட்கணும். எனக்கு அந்தக் கேள்வி 2015ல வந்தது.

அந்த வருஷ மழை உங்களுக்கும் மறந்திருக்காது. உங்களுக்கு அடையாறு, எங்களுக்கு ஆரணியாறு. எங்க பக்கம் கரை ஒரு இடத்துல உடைஞ்சது. ஆத்தோரம் எனக்கு ஒண்ணரை ஏக்கர் இருக்கு, அங்க ஒரு மாட்டுக் கொட்டாய். முந்தின நாள் சாயந்திரம் ரெண்டு மாட்டை அங்க கட்டிட்டு வந்தேன், ஒண்ணு சினை. விடியக்காலை நாலு மணிக்கு சத்தம் கேட்டு எழுந்து போனா, நடுவுல முந்நூறு அடிக்குத் தண்ணி ஓடுது. மாடு கத்துறது கேட்குது. எனக்கு நீச்சல் தெரியும், ஆனா அந்த இழுப்புல இறங்க முடியல. டிராக்டர் ட்யூப்பைக் கட்டிக்கிட்டு ரெண்டு பேர் இறங்கினாங்க, பாதியிலயே திரும்பிட்டாங்க. எட்டு மணிக்கு மாட்டுச் சத்தம் நின்னு போச்சு. அவுத்து விட்டிருந்தா அதுங்களே நீந்தி மேடு ஏறியிருக்கும். கட்டினது நான்தான். அந்தக் கயிறு முடிச்சு இன்னைக்கும் என் கையில இருக்குற மாதிரி இருக்கும்.

தண்ணி வடிஞ்ச பிறகு எங்க நைனாவோட பேசிக்கிட்டிருந்தேன். அவருக்கு அப்போ எழுபத்தஞ்சு வயசு. "அப்பல்லாம் இப்படி ஒரு தோணி இல்லாத ஊரு உண்டாடா?" அப்படின்னாரு. எங்க தாத்தாவுக்கு ஒரு தோணியில பங்கு இருந்துச்சாம். நான் கேள்விப்பட்டதே இல்ல. அதுக்கு அப்புறம்தான் இந்த விஷயத்தைத் தேட ஆரம்பிச்சேன். பொன்னேரி நூலகம், பழவேற்காட்டுல சில பெரியவங்க, பிறகு என் பையனோட செல்போன். தெரிஞ்சுக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

முதல்ல கால்வாய். நீங்க சென்னையில மூக்கைப் பொத்திக்கிட்டு தாண்டுறீங்களே பக்கிங்காம் கால்வாய், அதுதான் எங்க தாத்தாவோட ரோடு. 1806ல பேசில் காக்ரேன்னு ஒரு வெள்ளைக்கார வியாபாரி சென்னையில இருந்து எண்ணூர் வரைக்கும் 11 மைல் வெட்டினாரு. அப்போ அதுக்குப் பேரு காக்ரேன் கால்வாய். 1837ல அரசாங்கம் அதை எடுத்துக்கிச்சு. வடக்கே பழவேற்காடு ஏரி வரைக்கும், அதையும் தாண்டி நீட்டினாங்க. 1876லிருந்து 78 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். சனங்க கூட்டம் கூட்டமா செத்த காலம். அப்போ நிவாரண வேலைன்னு சொல்லி, கஞ்சிக்கும் கூலிக்கும் மண் வெட்ட வச்சு, சென்னைக்குள்ள கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற 8 கிலோமீட்டரை வெட்டினாங்க. அப்போ கவர்னரா இருந்தவர் பக்கிங்காம் பிரபு. வெட்டினது பசிச்ச வயிறு, பேரு பிரபுவுக்கு. முடிஞ்ச பிறகு ஆந்திராவுல பெத்த கஞ்சாம்ல இருந்து மரக்காணம் வரைக்கும் கிட்டத்தட்ட 420 கிலோமீட்டர் தண்ணி வழி.

அந்த வழியில என்ன போச்சு? உப்பு போச்சு. எங்க ஏரியிலயும் எண்ணூர் கழியிலயும் கிடைக்கிற கிளிஞ்சல் போச்சு. அதைச் சுட்ட சுண்ணாம்புலதான் பழைய மெட்ராஸ் கட்டடங்களோட பளபள சுவரெல்லாம் பூசினது. எல்லாத்தையும் விட அதிகமா விறகு போச்சு. இன்னைக்கு ராக்கெட் விடுற ஸ்ரீஹரிகோட்டா, மெட்ராசுக்கு விறகு கொடுத்த காடு. ரயில் எஞ்சினுக்கு எரிக்கணும்னு 1860 வாக்குல கடலோரம் சவுக்கு நட ஆரம்பிச்சாங்க, பிறகு அது விவசாயி கைக்கு வந்தது. எங்க தாத்தா மணல் நிலத்துல சவுக்கு போட்டவரு. வெட்டின சவுக்கை மாட்டு வண்டியில கால்வாய் வரைக்கும் கொண்டு போய், தோணியில ஏத்தி, மெட்ராஸ் விறகுத்தொட்டிக்கு அனுப்புவாராம். காத்து இருந்தா பாய் விரிப்பாங்க. இல்லாட்டி ரெண்டு ஆள் கரையில நடந்து கயிறு கட்டி இழுப்பாங்க, ஒருத்தர் மூங்கில் கோல் ஊனுவாரு. நாலு பேர் சேர்ந்து ஒரு தோணி. மழைக் காலத்துல அதே தோணிதான் ஊருக்குள்ள தண்ணி வந்தா ஆளையும் மாட்டையும் ஏத்தும்.

அப்போ அது எங்கே போச்சு? ஒரே நாள்ல போகல. 1899லயே சென்னையில இருந்து விஜயவாடா பக்கம் ரயில் வந்துடுச்சு. பிறகு லாரி. தோணியில ரெண்டு நாள் ஆகிற சுமையை லாரி ரெண்டு மணி நேரத்துல சேர்த்துடும். 1965, 66ல அடிச்ச புயல்ல கால்வாய் ரொம்ப கெட்டுப் போச்சு. தூர் எடுக்க ஆள் இல்ல. பிறகு வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்தது, விறகுத்தொட்டியும் போச்சு. தாத்தாவோட தோணி கடைசியில கால்வாய் ஓரம் மண்ணுல கிடந்து, பலகை பலகையா பிரிஞ்சு, யார் யார் வீட்டுக்கோ அடுப்புக்குப் போயிடுச்சாம். யாரும் வருத்தப்படலன்னு நைனா சொன்னாரு. ரோடு வந்த சந்தோஷம்.

அடுத்த வருஷம், 2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்க தாத்தா வச்ச நாட்டு மாமரம் ஒண்ணு வேரோட சாஞ்சுது. நைனா அந்த மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. விறகு வியாபாரி வந்து விலை கேட்டான். கொடுக்க மனசு வரல. மர மில்லுக்குக் கொண்டு போய் ஒரு அங்குலக் கனத்துக்குப் பலகையா அறுத்து, நடுவுல குச்சி வச்சு அடுக்கி, கொட்டாயில நிழல்ல போட்டேன். என்ன பண்ணப் போறேன்னு அப்போ எனக்கே தெரியாது. கட்டில் செய்யலாம்னு வீட்டுல சொன்னாங்க.

அந்தப் பலகையைப் பத்தி பழவேற்காட்டுல ஒரு பெரியவர்கிட்ட பேசினேன். பரம்பரையா படகு கட்டினவரு. பேர் போட வேணாம்னு சொல்லிட்டாரு. "ஐயா, மாமரம் தண்ணியில உளுத்துடாதா?" அப்படின்னு கேட்டேன். சிரிச்சாரு. "தம்பி, மெட்ராஸ் பட்டணத்தையே கரையில இறக்கினது மாமரம்தான்" அப்படின்னாரு.

அவர் சொன்னது மசூலா படகு. இது நம்ம ஊர் சரித்திரத்துல பெரிய விஷயம், ஆனா பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லித் தரல. வெள்ளைக்காரன் மெட்ராசைக் கட்டினான், சரி. ஆனா அங்க துறைமுகம் கிடையாது. ரெண்டு நூறு வருஷத்துக்கு மேல கப்பல் எல்லாம் நடுக்கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும். கரையில அலை அடிக்கிற அடியில ஐரோப்பாக்காரன் படகு எது வந்தாலும் உடைஞ்சிடும். ஏன்னா அது ஆணி அடிச்சு, உள்ள விலா எலும்பு மாதிரி சட்டம் வச்சு, விறைப்பா இருக்கும். நம்ம ஆளுங்க படகுல ஆணியே கிடையாது. மாமரம் மாதிரி லேசான மரத்துப் பலகைல ஓட்டை போட்டு, தேங்காய் நார்க் கயிறால தைப்பாங்க. தையலுக்கு அடியில நார் இல்லாட்டி புல்லைத் திணிப்பாங்க. உள்ள சட்டமும் கிடையாது. அலை அடிச்சா படகு வளைஞ்சு கொடுக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்புப் போடுவாங்க. கூடவே கட்டுமரத்துல ஆளுங்க வருவாங்க, யாராவது விழுந்தா தூக்குறதுக்கு. கவர்னர் ஆனாலும் சரி, குதிரை ஆனாலும் சரி, அந்தத் தைச்ச படகுலதான் கரைக்கு வந்தாகணும். பாண்டிச்சேரி பக்கம் பிரெஞ்சுக்காரங்களும் இதே மாதிரிப் படகைத்தான் நம்பி இருந்தாங்க, அங்க அதை சலங்குன்னு சொல்வாங்க.

எங்க பழவேற்காடும் அப்படித்தான். டச்சுக்காரன் 1613ல அங்க கெல்டிரியா கோட்டை கட்டினான். சோழமண்டலக் கரையில 1690 வரைக்கும் அவனுக்கு அதுதான் தலைமை இடம், பிறகு நாகப்பட்டினத்துக்கு மாத்திக்கிட்டான். கப்பல் வெளியில நிக்கும், துணி மூட்டை சின்னப் படகுல போகும். கல்லறைத் தோட்டத்துல டச்சுக்காரங்க பேரெல்லாம் கல்லுல செதுக்கி இருக்கு, தொல்லியல் துறை பாதுகாக்குது. அந்த மூட்டையைச் சுமந்த படகைக் கட்டினவங்க பேரு எந்தக் கல்லுலயும் கிடையாது.

சென்னையில 1861ல இரும்புத் தூண் வச்சு ஒரு பாலம் கடலுக்குள்ள போட்டாங்க. 1875ல துறைமுகத்துக்கு அடிக்கல். 1881 புயல் அதை உடைச்சுப் போட்டுச்சு. மறுபடியும் கட்டினாங்க. துறைமுகம் நிலைச்சதும் மசூலாவுக்கு வேலை குறைஞ்சு போச்சு. கரைவலை இழுக்குறவங்ககிட்ட மட்டும் கொஞ்ச காலம் இருந்துச்சு.

இதைக் கேட்டுட்டு வந்த அன்னைக்கு ராத்திரி கொட்டாயில போய் அந்த மாம்பலகையைத் தடவிப் பார்த்தேன். கட்டில் வேணாம்னு முடிவு பண்ணேன்.

ஆனா நேரம் கிடைக்கல. நாத்து, களை, அறுப்புன்னு மூணு வருஷம் ஓடிப் போச்சு. அதுவும் ஒரு வகையில நல்லது, பலகை நல்லா காஞ்சது. 2020 மார்ச்சுல ஊரடங்கு வந்தது. என் பையன் சிப்காட்ல ஷிப்ட் வேலை பார்க்குறவன், கம்பெனி மூடிட்டாங்க, வீட்டுல உட்கார்ந்தான். தர்பூசணி வாங்க வியாபாரி வரல, காய் நிலத்துலயே வெடிச்சுது. மனசு சரியில்ல. அப்போ ஆரம்பிச்சோம்.

அளவு சொல்றேன். நீளம் 11 அடி, அகலம் நடுவுல மூணே முக்கால் அடி, உயரம் ஒண்ணேகால் அடி. அடி தட்டையா மூணு பலகை, பக்கத்துக்கு ரெண்டு. முன்பக்கம் கூர், பின்பக்கம் நேர்ப் பலகை. தட்டையான அடிதான் ஏரிக்கும் வெள்ளத்துக்கும் சரி, அரை அடித் தண்ணியிலயும் ஓடும்னு பெரியவர் சொல்லியிருந்தாரு. முதல்ல ஆணிதான் அடிச்சேன். பலகை ஓரம் ரெண்டு இடத்துல பிளந்துக்கிச்சு. பெரியவருக்கு போன் போட்டேன். "ஆணியைப் பிடுங்கிப் போடு தம்பி, கோணி தைக்கத் தெரியுமில்ல? தை" அப்படின்னாரு.

கோணி தைக்கிறது எனக்குக் கை வந்த வேலை. ரெண்டு அங்குலத்துக்கு ஒரு ஓட்டை. பையன் டிரில்லிங் மெஷின் எடுத்துக்கிட்டான். கிட்டத்தட்ட 800 ஓட்டை. நார்க் கயிறை ராத்திரியே தண்ணியில ஊற வச்சு, காலையில இறுக்கி இழுத்துத் தைக்கணும். ஒருத்தர் வெளியில, ஒருத்தர் உள்ள. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மர ஆப்பை ஓட்டையில தட்டி கயிறை நிறுத்தணும், இல்லாட்டி நழுவிடும். முன்பக்கம் பலகையை வளைக்க, ஈரச் சாக்குப் போர்த்தி, கொதிக்கிற தண்ணி ஊத்தி ஊத்தி, கயிறால கொஞ்சம் கொஞ்சமா முறுக்கினோம். அதுக்கே மூணு நாள் ஆச்சு. ஒரு பலகை உடைஞ்சும் போச்சு. உள்ளே அலைக்கு வளையத் தேவையில்லைங்கறதால நாலு சட்டம் வச்சோம். அதுக்குப் பேரு வங்கு. வங்குக்கு நேர் மரத்தை வளைவா அறுக்கக் கூடாது. வளைஞ்சே வளர்ந்த கருவேலங் கிளையா பார்த்து வெட்டணும், அப்போதான் பலம். வரப்பு வரப்பா கிளையை அண்ணாந்து பார்த்துக்கிட்டு நடந்தேன். என் சம்சாரம், "இந்த மனுஷனுக்குக் கொரோனா மூளைக்குப் போயிடுச்சு" அப்படின்னு பக்கத்து வீட்டுல சொல்லிச்சாம்.

கடைசியா கலப்பத்து. இடுக்கெல்லாம் அடைக்கிற வேலைக்கு அந்தப் பேரு. பருத்தித் திரியை இடுக்குல உளியால தட்டித் திணிச்சு, மேல குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சிப் பூசணும். அந்தப் புகையில கண்ணு எரிஞ்சு, ரெண்டு நாள் சாப்பாட்டுலயும் குங்கிலிய வாசனைதான். வெளியில மீனெண்ணெய். ஒரு வாரத்துக்கு வீட்டுப் பூனையெல்லாம் அங்கதான் கிடந்தது.

அந்த நாள்ல ஒரு நாள் பையன் செல்போனைக் காட்டினான். "நைனா, இங்கிலாந்துலயும் இப்படித்தான் தைக்கிறாங்க." பார்த்தா, 1962ல மிர்ரர்னு ஒரு சின்னப் பாய்ப்படகு. ஒரு பத்திரிகை ஆதரவுல வந்தது. சாதாரண சனங்க வீட்டுலயே கட்டிக்கணும்னு, ப்ளைவுட் துண்டுகளை செப்புக் கம்பியால தைச்சு, மேல பசையும் கண்ணாடி நார் நாடாவும் ஒட்டுற முறை. எழுபதாயிரத்துக்கு மேல கட்டிட்டாங்களாம், பாதிப் பேருக்கு கார் கொட்டாய்தான் பட்டறை. அதே முறையை 1980கள்ல பியர் ஜில்லேன்னு ஒரு பெல்ஜியம் எஞ்சினியர் நம்ம கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துக்குக் கொண்டு வந்து, மீனவங்களுக்கு ப்ளைவுட் படகு கட்ட வழி பண்ணாரு. ஓமன்ல இருந்து சீனா வரைக்கும் 1980, 81ல ஒரு கப்பல் போச்சு, பேரு சோஹார். ஒரு ஆணி கிடையாது, மரம் மலபார்ல இருந்து போனது, பூராவும் தேங்காய் நார்த் தையல். மார்க்கோ போலோ 13ம் நூற்றாண்டுல ஹோர்முஸ் துறைமுகத்துல இப்படித் தைச்ச கப்பலைப் பார்த்துட்டு, இதுல போறது ஆபத்துன்னு எழுதி வச்சிருக்காரு. அவருக்கு நம்ம கரை அலையைக் காட்டியிருக்கணும்.

கட்டுமரம் கதையும் இதே மாதிரிதான். நம்ம வார்த்தையை எடுத்துக்கிட்டுப் போனாங்க, இன்னைக்கு உலகத்துல கேட்டமரான்னா ரெண்டு உடம்பு வச்ச படகு. 1876ல அமெரிக்காவுல ஹெரஷாஃப்ங்கறவர் அப்படி ஒண்ணு கட்டினாரு. ஆனா அந்த ரெட்டை உடம்பு பசிபிக் தீவுக்காரங்களோட யோசனை. நம்ம கட்டுமரத்துக்கு உடம்பே கிடையாது. கட்டின மரம், அவ்வளவுதான். பேரு நம்மது, படகு அவங்களது.

சரி, பழவேற்காட்டுல இப்போ மரப்படகு ஏன் இல்லன்னு கேட்பீங்க. 2004 சுனாமியில படகெல்லாம் போச்சு. பிறகு அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் கொடுத்தது பெரும்பாலும் ஃபைபர் படகு. அதுக்கு முன்னாடியே மாறிக்கிட்டுதான் இருந்துச்சு, சுனாமி அதை முடிச்சு வச்சது. இதைக் குறையா சொல்ல மாட்டேன். நான் பொழுதுபோக்குக்கு ஒரு படகு கட்டிட்டு, கடல்ல உயிரைப் பணயம் வைக்கிறவங்களுக்கு மரப்படகுதான் நல்லதுன்னு பேசக் கூடாது. ஃபைபருக்கு வருஷா வருஷம் தையல் பிரிக்க வேணாம், கலப்பத்து வேணாம், பூச்சி அரிக்காது. பெரியவர் வீட்டுப் பிள்ளைங்களே ஃபைபர் பட்டறைக்குத்தான் போறாங்க. எங்க ஏரியில படகே இல்லாத இருளர் சனங்க இன்னைக்கும் இடுப்பளவுத் தண்ணியில உட்கார்ந்து கையாலயே இறால் பிடிக்கிறாங்க. அவங்களுக்கு மர வேலையோட அழகைச் சொன்னா சிரிப்பாங்க.

ஆகஸ்ட்ல எங்க குளத்துல இறக்கினோம். கால் மணி நேரத்துல பாதி தண்ணி நிறைஞ்சுது. ஊரே சிரிச்சது. பெரியவர் முன்னாடியே சொல்லியிருந்தாரு, "மரம் தண்ணி குடிச்சாதான் வாயை மூடும்." அப்படியே முழுக விட்டோம். மூணாம் நாள் தண்ணியை இறைச்சா, ஒரு சொட்டு ஊறல. பலகையும் கயிறும் ஊதி இடுக்கை அடைச்சிருச்சு. அன்னைக்கு நைனாவை உட்கார வச்சு குளத்தை ஒரு சுத்து வந்தேன். ஒண்ணும் பேசல அவரு. இறங்கும்போது பலகையில கையை வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னாரு. மறு வருஷம் தை மாசம் போயிட்டாரு.

ஒண்ணை மட்டும் உறுதியா வச்சிருக்கேன், மூணு பேருக்கு மேல ஏறக் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்னைக்கு பழவேற்காட்டுல சுத்திப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் போனாங்க. அந்த நாளை எங்க பக்கம் யாரும் மறக்கல. குழந்தைங்க ஏறணும்னா இடுப்புல ட்யூப் கட்டித்தான்.

ரெண்டு வருஷம் எங்க பக்கம் பெரிய வெள்ளம் இல்ல. படகைத் தூக்கிக் களத்து மேட்டுல கவுத்துப் போட்டேன். அப்புறம் 2023 டிசம்பர் 3, 4ல மிக்ஜாம் புயல். மாட்டை ரெண்டு நாள் முன்னாடியே ரோட்டு மேட்டுக்கு ஓட்டிட்டேன், இந்தத் தடவை எதையும் கட்டல. ஆனா ஆத்தோர வயல்ல கிடை போட்டிருந்த ஆட்டுக்காரரும் அவர் சம்சாரமும் ஒரு திட்டுல மாட்டிக்கிட்டாங்க. முப்பத்தி சொச்சம் ஆடு, குட்டிங்க வேற. காலையில ஏழு மணிக்குத் தகவல் வந்தது. ஊரு பூரா என் வீட்டு வாசலுக்கு வந்துட்டாங்க. முதல் தடவையா யாரும் சிரிக்கல.

படகைத் தூக்கித் தண்ணியில போட்டோம். சல்லடை மாதிரி ஊத்துது. ரெண்டு கோடை வெயில்ல பலகை சுருங்கி, கயிறு தளர்ந்து, குங்கிலியம் வெடிச்சு விட்டுப் போயிருந்தது. தப்பு என்னுதுதான். கல்லை ஏத்தி முழுக வச்சு, பழைய துணியைக் கிழிச்சு இடுக்குல திணிச்சு, பையன் தளர்ந்த தையல்ல ஆப்பு அடிச்சு, மதியம் ரெண்டு மணி ஆச்சு. அப்பவும் ஒருத்தர் கோல் ஊன, ஒருத்தர் விடாம இறைச்சுக்கிட்டே போகணும். நானும் பையனும் போனோம். இழுப்பு 2015 அளவுக்கு இல்ல. முதல்ல அந்த அம்மாவைக் கொண்டு வந்தோம். ஆட்டுக்காரர் ஆடு இல்லாம வரமாட்டேன்னுட்டாரு. ஆறு ஆறு ஆடா, காலைக் கட்டிப் படுக்க வச்சு, இருட்டுற வரைக்கும் ஓட்டினோம். கடைசி நடையில அவர் வந்தாரு, கையில ஒரு குட்டி. பதினொரு குட்டி குளிர்ல விறைச்சுப் போச்சு. பெரும்பாலும் மதியத்துக்கு முன்னாடியே செத்திருக்கும்னு அவர் சொன்னாரு. அவர் என்னைக் குத்திச் சொல்லல. ஆனா ஏழு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் படகு என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியும்.

அன்னைக்குத்தான் தாத்தாவோட தோணி எப்படிப் போச்சுன்னு எனக்கு முழுசா விளங்கிச்சு. புயலோ லாரியோ வந்து அதை உடைக்கல. மரப்படகு தினமும் தண்ணியில இருக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது தையலைப் பார்க்கணும், அதுக்குத் தினமும் வேலை இருக்கணும். கால்வாயில சுமை நின்ன அன்னைக்கே அந்தத் தோணி செத்துப் போச்சு, பலகை பிரிஞ்சது பிறகுதான். ஆபத்துக்கு உதவும்னு ஒரு பொருளை மூலையில போட்டு வைக்க முடியாது. ஊரு பழக்கத்துல இருந்தாத்தான் அது உதவும்.

இப்போ ஒரு வழக்கம் வச்சிருக்கோம். ஆடி பிறந்ததும் படகைக் குளத்துல இறக்கிடுறோம், தை வரைக்கும் தண்ணியிலயே கிடக்கும். ஊருப் பசங்க அதுல ஏறி அல்லி பறிக்கிறாங்க, தூண்டில் போடுறாங்க. முதல்ல திட்டுவேன், இப்போ திட்டுறதில்ல. அவங்க ஆட்டுற ஆட்டத்துலதான் எங்க தையல் விட்டிருக்குன்னு எனக்குத் தெரியுது. மாசி பங்குனியில மேல ஏத்தி, பிரிஞ்சதைத் தைச்சு, மீனெண்ணெய் பூசி, நிழல்ல ஈரச் சாக்கு போட்டு வைக்கிறோம். போன பங்குனியில பையன் தனியாவே ஒரு பக்கம் தைச்சான். கயிறு இழுக்குற இறுக்கம் இன்னும் பத்தல, ஆனா வந்துடும்.

பெரியவர்கிட்ட போய் மிக்ஜாம் கதையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு ஒண்ணு கேட்டாரு: "முன்னாடி கூர்ல தண்ணி வந்துச்சா, பக்கத்துல வந்துச்சா?" பக்கத்துலன்னேன். "அப்போ கூர் நல்லா தைச்சிருக்க தம்பி" அப்படின்னாரு.

நீங்க இந்தப் பக்கம் வந்தா வாங்க. ஆடிக்குப் பிறகு வந்தீங்கன்னா குளத்துல ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன். மூணு பேர்தான், ட்யூப் கட்டிக்கணும், ஒருத்தர் கையில இறைக்கிற சொம்பு இருக்கும்.